ஜாஃபர் பாயும் இடது பக்கச் சுவரும்

போன திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ஜாஃபர் பாய் வாழ்க்கையில் முதல்முறையாக டைப் செய்தார்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள விபரீதம் புரியும். பாய் வாட்ஸ்அப்பில் எழுதவே மாட்டார். குரல்தான் அனுப்புவார், அதுவும் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே, பின்னணியில் லஸ் கார்னர் முழுவதும் ஹாரன் அடிக்க. குளியலறை ஹீட்டர் ஸ்விட்ச் சூடாகிறது, ஒருநடை வந்து பார்க்க முடியுமா என்று நான் கேட்டிருந்தேன். கறுப்புக் கண்ணாடி போட்ட அவர் படத்துக்குப் பக்கத்தில் 'டைப்பிங்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. கடைசியில் பாயும் கட்டைவிரலுக்கு வேலை கொடுத்துவிட்டார், இதை வைத்து ஒரு வாரம் கிண்டல் செய்யலாம் என்று நான் குஷியாகக் காத்திருந்தேன்.

"அத்தா இன்று அதிகாலை வஃபாத்தாகிவிட்டார்கள். மதியம் ளுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா. அந்த ஸ்விட்சை ஆஃப் செய்து வையுங்கள். யாரும் தொட வேண்டாம். ரெஹானா."

ரெஹானா அவருடைய மகள். இருந்தாலும் வந்தது அவர் எண்ணிலிருந்து, அவர் படத்தோடு. இறந்தவர் எண்ணிலிருந்து ஒரு கட்டளை வந்தால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. போய் ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டு வந்துதான் உட்கார்ந்தேன்.

மயிலாப்பூரிலும் சாந்தோமிலும் இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் வீட்டுக்கு வயரிங் செய்தவர் பாய்தான். எந்த வீட்டில் மாமியார் அறைக்கு மட்டும் மங்கலான பல்ப் போடச் சொன்னார்கள், எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனி விளக்கு கேட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவர் வாயைத் திறந்ததில்லை. நான் பெயர்களாகச் சொல்லிக்கொண்டே வருவேன், எந்தப் பெயருக்கு அவர் மீசை அசைகிறது என்று பார்ப்பேன். பயப்பட வேண்டாம், இங்கே எழுதப் போவது எங்கள் வீட்டுக் கதையை மட்டும்.

சாந்தோமில் உள்ள எங்கள் வீடு தாத்தா கட்டியது. அப்பா பிறந்ததும் இறந்ததும் அங்கேதான். அவர் போய் ஆறு வருஷமாக அம்மா தனியாக இருக்கிறார். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. விளக்கு எரிகிறதா இல்லையா என்று தெரியும், அதற்கு மேல் நிழல்கள்தான். அண்ணன் வின்சென்ட் கொட்டிவாக்கத்தில் கடல் பார்த்த அடுக்குமாடியில் இருக்கிறான். அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் கட்சி. கண் தெரியாதவளுக்குக் கடல் எதற்கு, என் வீட்டில் எனக்கு வழி தெரியும் என்பது அம்மா கட்சி. நான் கே.கே. நகரில் இரண்டு கட்சியிலும் சேராமல் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கடைசியில் ஒப்பந்தம் ஆனது. வீட்டைப் புதுப்பிப்பது. முடிந்ததும் அண்ணன் முன்னால் அம்மா யார் துணையும் இல்லாமல் படுக்கையறையிலிருந்து சமையலறை வரை நடந்து, தானே விளக்குகளைப் போட்டுக் காட்ட வேண்டும். முடிந்தால் அங்கேயே இருக்கலாம். முடியாவிட்டால் கிறிஸ்துமஸுக்குள் கொட்டிவாக்கம்.

இப்படியொரு விஷயத்தில் விளக்கும் ஸ்விட்சும் தேர்வு செய்கிற பொறுப்பை என்னிடம் கொடுத்தது குடும்பத்தின் தவறு. நான் தி.நகரில் ஒரு பளபளப்பான கடைக்குப் போனேன். அங்கே ஒரு பெண் அழகாகச் சிரித்தாள். வழுவழுவென்று கண்ணாடித் தகடுபோல் இருக்கிற தொடு ஸ்விட்சுகளையும், பகல் வெளிச்சம் மாதிரி எரியும் என்று சொன்ன விளக்குகளையும் அள்ளிக்கொண்டு வந்தேன்.

பாய் முதல் நாள் வந்து அந்த அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார். ஒரு பல்பை மாட்டி, என்னை அதன் கீழே நிறுத்தி, கையில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்தார். கண்ணாடியில் இருந்தவனுக்கு உதடு நீலமாக இருந்தது. கன்னங்கள் உள்ளே போயிருந்தன. எனக்கு மாலை போட்டு நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் கச்சிதமாக இருக்கும்.

"இது ஆறாயிரத்து ஐந்நூறு கெல்வின் சார், வெள்ளை வெளிச்சம். இதுல மாப்பிள்ளையக் கூட்டியாந்து உட்கார வெச்சாலும் மையத்து மாதிரிதான் தெரிவான்," என்றார். "வீட்டுக்கு மூவாயிரம்தான், மஞ்ச வெளிச்சம். அதுலதான் மனுசன் உயிரோட கீறான்."

சோதனைக்கு மாட்டிய கண்ணாடி ஸ்விட்சைத் தேடி அம்மா சுவரைத் தடவியதையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது. தவறிக் கை பட்டதில் எங்கோ மின்விசிறி சுற்றியது. கண்ணாடித் தகடுகளைத் திரும்ப அட்டைப்பெட்டியில் வைத்து, "இதுல கைக்கு விலாசம் கிடையாது டீச்சரம்மா," என்று மட்டும் சொன்னார்.

பாயிடம் ஒரு பழக்கம் உண்டு. அவரிடம் வேலை வாங்கியவர்களுக்குத் தெரிந்திருக்கும். சுவரில் ஒரு கோடு கிழிப்பதற்கு முன்னால் வீட்டில் இருக்கிற எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொல்வார். ஆளுக்கு ஒரு நிறச் சாக்பீஸ். விளக்குப் போட வேண்டும் என்று தோன்றுகிற இடத்தில் கை தானாக எங்கே போகிறதோ அங்கே ஒரு கோடு. வீடு முழுக்க முடிகிறவரை யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது. "கை எங்க போவுதோ அங்கதான் ஸ்விட்ச் கீது. நாம வெக்கறது அப்பாலதான்," என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, பட்டப்பகலில் ஜன்னல்களைச் சாத்தினோம். அம்மாவுக்குச் சிவப்பு. அண்ணனுக்கு நீலம். எனக்கு வெள்ளை. சமையலுக்கு வரும் செல்விக்கு மஞ்சள். திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் எரியும் சின்னச் சிவப்பு பல்பை மட்டும் அணைக்க அம்மா விடவில்லை. அதற்கென்று தனி லைன் போட்டுத் தருவதாகப் பாய் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். ஐம்பத்திரண்டு வயதில், அண்ணன் முதுகில் கை வைத்தபடி, சொந்த வீட்டில் கண்ணைக் கட்டி விளையாடினேன். செல்வி சிரித்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளும் நிறுத்திவிட்டாள். கண்ணை மூடினால் வீடு பெரிதாகிவிடுகிறது. யார் முன்னால் போகிறார்கள், யார் பின்னால் வருகிறார்கள் என்ற கணக்கு தவறிவிடுகிறது. அண்ணன் முதுகு எப்போதோ என் கையை விட்டுப் போயிருந்தது. என் காதருகே யாரோ மூச்சு விட்டார்கள். அண்ணன் என்று நினைத்தேன். அவன் ஹாலின் அந்தப் பக்கத்திலிருந்து தும்மினான்.

கண்ணைத் திறந்து பார்த்தபோது கோடுகள் ஓரளவு கூட்டம் கூட்டமாகத்தான் இருந்தன. ஒன்றைத் தவிர. படுக்கையறையிலிருந்து சமையலறைக்குப் போகும் நடைபாதையில், இடது பக்கச் சுவரில், எந்தக் காலத்திலும் ஸ்விட்சே இல்லாத இடத்தில், தனியாக ஒரு சிவப்புக் கோடு. அம்மா ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. கையை நன்றாகத் தூக்கினால்தான் அந்த உயரம் எட்டும். பாய் மறுபடி நடக்கச் சொன்னார். கோடு அதே இடத்தில் விழுந்தது. மூன்றாம் முறையும் அதே.

அண்ணன் என்னைத் தனியே இழுத்துப் போனான். "பாத்தியா? வெறும் சுவத்தத் தடவறாங்க. கண்ணு மட்டும் இல்லடா பிரச்சினை," என்றான். அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். சிவப்புச் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். அந்த நிமிஷத்தில் கொட்டிவாக்கம் முடிவாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

பாய் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் அந்தக் கோட்டின் மேல் தட்டினார். சுற்றிலும் தட்டினார். மறுபடி கோட்டின் மேல். அங்கே மட்டும் சத்தம் வேறு. உளியை வைத்து இரண்டு தட்டு தட்டினார், காரை பெயர்ந்தது. உள்ளே வட்டமான மரக்கட்டை. அதில் கறுப்பாக, குமிழ் வைத்த பழைய காலத்து ஸ்விட்ச். வயர் கிடையாது. குமிழ் கீழ்நோக்கி இருந்தது. அதாவது, போட்டபடி.

அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டான். நான் போட மறந்துவிட்டேன்.

"நான் கல்யாணமாகி வந்தப்பவே இந்தச் சுவர் மொழுமொழுன்னுதான் இருந்துச்சு," என்றார் அம்மா. அதற்கு முன்பே பூசி மூடியிருக்கிறார்கள். அப்படியானால் அம்மா தன் ஆயுளில் ஒருமுறைகூட அந்த ஸ்விட்சைப் பார்த்ததில்லை. பிறகு கை எப்படிப் போயிற்று என்று பாய் மெதுவாகக் கேட்டார்.

அம்மா எளிதாகச் சொன்னார். "ஸ்விட்ச் எங்க இருக்குன்னு எனக்கென்ன தெரியும்? அங்க அவர் கை இருக்கும். அதுமேலதான் நான் கை வெப்பேன்."

அப்பாவுக்கு இடது கைப் பழக்கம். ஆறடி உயரம். இளவயதில் போட்டுப் பழகிய ஸ்விட்சைச் சுவருக்குள் புதைத்த பிறகும், அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் அவர் கை அங்கே போய்க்கொண்டே இருந்திருக்கிறது. கரண்ட் போன நேரங்களில் சுவரில் அப்படிக் கையூன்றி நின்றுகொள்வாராம், பின்னால் வருகிற அம்மா பிடித்துக்கொள்வதற்காக. இல்லாத ஸ்விட்சை அப்பாவின் கை விடவில்லை. இல்லாத கையை அம்மாவின் கை விடவில்லை.

பாய்தான் சொன்னார்: "கைக்கு மறதி கிடையாது சார். ஆளு போய்ட்டான்னு அதுக்கு யாரும் சொல்றதும் கிடையாது."

அந்தக் குமிழை அவர் தொடவில்லை. அம்மாவையே தொடச் சொன்னார். அம்மா கையைத் தூக்கி, தேடாமல், நேராக அதன்மேல் வைத்து மேலே தள்ளினார். அத்தனை வருஷமாகப் போட்டபடி கிடந்தது, டக் என்று நின்றது. கரண்ட் இல்லாத ஸ்விட்ச்தான். ஆனாலும் நடைபாதை கொஞ்சம் இருட்டியது என்று செல்வி இன்றைக்கும் சாதிக்கிறாள்.

அந்த இடத்திலேயே, அதே உயரத்தில், பாய் புதிய ஸ்விட்சை வைத்தார். நான் வாங்கியது போல ஊமையாக இல்லாமல், போட்டால் வீடு முழுக்கக் கேட்கிற ரகம். சத்தம் வந்தால்தான் கைக்கு நம்பிக்கை வரும் என்பது அவர் சித்தாந்தம். மீட்டர் பக்கத்துப் பெட்டியில் எந்த லைன் எதற்கு என்று எல்லோரும் ஹால், கிச்சன் என்று எழுதுவார்கள். நடைபாதை லைனுக்கு நேரே பாய் எழுதியிருந்தது: 'பெரியவர்'.

அண்ணன் சோதனைக்கு வந்த நாளில் ஜன்னல்களைத் தானே சாத்தினான். அம்மா நடந்தார். டக். டக். நடைபாதைக்குள் நுழையும்போது அரை அடி வலப்பக்கம் ஒதுங்கினார், முன்னால் நிற்கிற யாருக்கோ இடம் விடுவதுபோல. பிறகு இடது கையைத் தூக்கினார். டக். மஞ்சள் வெளிச்சம் வந்தபோது, பின்னாலேயே வந்த அண்ணன் கதவு நிலையில் நெற்றியை மோதிக்கொண்டு நின்றான். சமையலறையிலிருந்து அம்மா, "டேய் வின்சென்ட், உனக்கு யாராவது துணைக்கு வரணுமா?" என்று கேட்டார். கொட்டிவாக்கம் பேச்சை அவன் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

போன வருஷம் பாயும் நானும் ஆழ்வார்பேட்டையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். "உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன் சார்," என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை இடது பக்கச் சுவரில் இரண்டு கோடுகள் இருந்தனவாம். சிவப்புக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை, என்னுடையது. நாங்கள் கண்ணைத் திறப்பதற்குள் சட்டைக் கையால் துடைத்துவிட்டிருக்கிறார்.

ஏன் என்று கேட்டேன்.

"நீங்க எழுதறவரு. வேணும்னே கூத்துக் கட்றாருன்னு உங்கண்ணன் சொல்லிருப்பாரு. அப்புறம் டீச்சரம்மா கையவும் நம்பியிருக்க மாட்டாரு. அதான்." டீயை ஒரு மடக்கில் முடித்துவிட்டு, "அன்னிக்கி உங்கள நான் பாத்துனுதான் இருந்தேன் சார். நீங்க சிரிக்கல," என்றார்.

இத்தனை வருஷமாக நகைச்சுவை எழுதிச் சம்பாதித்த பெயர், உண்மையைச் சொல்லும் நேரத்தில் சாட்சிக்கு உதவாது என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர் அவர் ஒருவர்தான். வருத்தப்படக்கூட விடாமல் இன்னொரு டீ சொன்னார்.

திங்கட்கிழமை ஜனாஸாவிலிருந்து நேரே சாந்தோம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அம்மா ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டார். பிறகு எழுந்து போய் நடைபாதை விளக்கைப் போட்டுவிட்டு வந்தார். வெளியே நல்ல வெயில். எதற்கு என்று கேட்டேன்.

"இனிமே அங்க ரெண்டு கை இருக்கும்டா," என்றார். "நான் இன்னும் கொஞ்சம் ஒதுங்கிக்கணும்."

அத்தாவின் சாமான்களில் ஞாபகத்துக்கு ஏதாவது வேண்டுமா என்று ரெஹானா கேட்டாள். வேண்டாம் என்றேன். என்னிடம் ஒன்று இருக்கிறது. என் கே.கே. நகர் ஃப்ளாட்டில், படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு வரும் வழியில், இடது பக்கச் சுவரில் கை பட்டுப் பட்டு ஒரு அழுக்கு படிந்திருக்கிறது. பாய் சொன்ன பிறகுதான் என் கண்ணில் பட்டது. அங்கே ஸ்விட்ச் கிடையாது. அப்பா போன பிறகு வாங்கிய ஃப்ளாட். அவர் அங்கே காலடி வைத்ததே இல்லை. பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறாள் மனைவி. நான் ஒத்திப்போட்டுக்கொண்டே வருகிறேன். ஜாஃபர் பாயிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த அழுக்கைத்தான். நேற்று டேப் பிடித்து அளந்தேன். என் கை சும்மா நீண்டால் போகிற உயரத்தைவிட ஒரு சாண் மேலே, சாந்தோம் ஸ்விட்சின் அதே உயரத்தில் இருக்கிறது.

நான் அம்மா உயரம்.