கடைசிப் படகு வெர்னா

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் செயின்ட் ஓடில் ஊர் ட்ரையத்லானில் வெர்னா மெலான்சோனுக்கு ஒரே வேலை. நீந்துகிறவர்களில் கடைசி ஆளுக்கும் பின்னால், தட்டைப் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு வர வேண்டும். அவள் முதுகுக்குப் பின்னால் தண்ணீரில் ஒரு தலை மிஞ்சக் கூடாது. போட்டி தொடங்கிய வருஷத்திலிருந்தே அந்த இடம் அவளுடையதுதான். வேறு யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டாள்.

மற்ற நாளில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தாலே பின்சீட்டில் எவன் எவள் சடையை இழுக்கிறான் என்று சொல்லிவிடுவாள். அவளுடைய அப்பா வயல் இறாலுக்குக் கூடை வைத்துப் பிழைத்தவர். நடக்கப் பழகும் முன்பே அவரோடு படகில் உட்காரப் பழகியவள் வெர்னா. ஊரை ஒட்டிப் போகிற பழுப்புநிறக் கால்வாயைப் பாயூ என்பார்கள். ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாத தண்ணீர். அந்தத் தண்ணீரின் சுபாவம் அவளுக்குத் தெரியும். அதனால்தான் அதை நம்ப மாட்டாள்.

இந்த வருஷம் விடியலிலிருந்தே அவள் முகம் சரியில்லை. காரணம் அவள் புருஷன் எல்ரே. கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடையில் பாதி ஆயுளைக் கழித்தவன், போன கோடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ரத்தக்குழாயில் சுருள் வைத்து அனுப்பினார்கள். எழுந்து நடமாடியதும் அவன் சொன்ன முதல் காரியம், அடுத்த போட்டியில் நானும் இறங்குகிறேன் என்பது. டாக்டர் சரி என்றார். வெர்னா சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. பாத்திரங்களை மட்டும் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள்.

"நீதானே பின்னாடி வரப்போற. அப்புறம் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" என்றான் எல்ரே, மஞ்சள் தொப்பியை மண்டையில் இழுத்து மாட்டிக்கொண்டு.

"நான் எல்லாருக்கும் பின்னாடி வரேன். உனக்கு மட்டும் இல்ல."

"நான்தான் கடைசியா வருவேன். போதுமா?"

"முதலை வந்தா என்ன பண்ணுவ?"

"என் வயித்தப் பாத்துட்டு, இவ்வளவு கொழுப்பு உடம்புக்கு ஆகாதுன்னு போயிடும்."

கரையில் அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டம் முடிகிற இடத்தில் அண்டா நிறைய கம்போ குழம்பு கொதிக்க ஆரம்பித்திருந்தது. மணி அடித்ததும் எல்லாரும் தண்ணீரில் விழுந்தார்கள்.

பாதி தூரம்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. எல்ரே சொன்னபடியே கடைசிக்கு வந்துவிட்டான். அவனுக்கும் அவனுக்கு முன்னால் போன ஒரு பெண்ணுக்கும் நடுவே நல்ல இடைவெளி. அவன் கை ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் வெர்னா மூச்சு விட்டாள். திடீரென்று அந்தப் பெண் கையைத் தூக்கினாள். ஹூஸ்டனிலிருந்து வந்தவள், கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டது. வெர்னா எல்ரேயைத் தாண்டிப் போய் அவளைப் படகின் விளிம்பைப் பிடிக்கச் சொன்னாள். எதிர்க்கரையில் காவலுக்கு நின்ற படகுவரை அவளை இழுத்துக்கொண்டு போய் ஒப்படைத்தாள். முதுகை நடு ஓடைக்குக் காட்டி நின்றது அந்தச் சமயத்தில் மட்டும்தான்.

திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் தொப்பி இல்லை.

வளைவைத் தாண்டியிருப்பான் என்று துடுப்பை வேகமாகப் போட்டாள். வளைவுக்கு அப்பால் தண்ணீர் நேராகக் கிடந்தது. பனிப்புகை மேலே தவழ்ந்தது. ஒரு கொக்கு எழுந்து போனது. வேறொன்றுமில்லை.

"எல்ரே."

கூப்பிட்ட குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. வாக்கி டாக்கியை எடுத்தாள். மறுமுனையில், கரையேறுகிறவர்களைக் கவனித்துக்கொண்டிருந்த லர்லீன்.

"லர்லீன், எல்ரே அங்க வந்தாச்சா?"

"இல்லக்கா. உங்க முன்னாடிதானே வரணும்?"

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன்கா. அவர் வந்தா சும்மாவா வருவாரு? ஊருக்கே கேட்டிருக்குமே." அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. குரல் இறங்கியது. "அக்கா, முக்குளிக்கிற ஆளுங்கள அனுப்பவா?"

வெர்னாவால் அனுப்பு என்று சொல்ல முடியவில்லை. சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும். ஆனாலும் "அனுப்பு" என்றாள்.

படகைத் திருப்பினாள். கரையோரம் ஆகாயத்தாமரை மெத்தைபோல் படர்ந்திருந்தது. அதற்குள் துடுப்பை விட்டுக் குத்திக் குத்திப் பார்த்தாள். ஒவ்வொரு குத்திலும் ஏதாவது தட்டுப்பட வேண்டும் என்றும், தட்டுப்படக் கூடாது என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டாள். வேர் தட்டியது. பழைய டயர் ஒன்று தட்டியது. வளைவில் முர்ஃபியின் வீட்டு மரத்துறை தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதை அவள் கண் தாண்டிப் போய்விட்டது. அங்கே எல்ரே போயிருக்க வழியே இல்லை. முர்ஃபி எல்ரேயின் சித்தப்பா மகன். மூன்று வருஷத்துக்கு முன்னால், சொந்தம் எல்லாம் கூடிப் பன்றி அறுத்த நாளில், முர்ஃபி செய்த பூடானைக் கடித்துப் பார்த்து எல்ரே ஒரு வார்த்தை சொன்னான். குடலில் கறியும் சோறும் அடைத்து அவிப்பதுதான் பூடான். "கறிய எங்கடா ஒளிச்சு வெச்ச? சோறுதான் இருக்கு" என்றான். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே பாயூவில் இரண்டு பங்காளிகளும் ஒருவன் படகைப் பார்த்தால் மற்றவன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அந்தத் துறையின் கால்களுக்கு நடுவே மஞ்சளாக ஏதோ மிதந்தது.

வெர்னா எட்டி எடுத்தாள். தொப்பி. உள்ளே தண்ணீர் நிறைந்து கனத்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு துறைக்கு அடியில் பார்த்தாள். இருட்டு. துடுப்பை உள்ளே விட்டாள். துடுப்பு தூணில் தட்டி ஓசை எழுப்பியது. இன்னும் உள்ளே விட்டாள். மெத்தென்று எதிலோ பட்டது. இழுத்தாள். ஊறிப்போன சாக்கு.

அப்போதுதான் மேலே மரத்துக்குப் பின்னாலிருந்து பேச்சுக்குரல் கேட்டது.

"மிளகு தூக்கலா இருக்கு."

"மிளக விடு. கறி எப்படி?"

"பொறுடா, முழுங்கிட்டுச் சொல்றேன்."

வெர்னா படகைக் கட்டக்கூட இல்லை. துறையில் ஏறி நடந்தாள். முன்கூடத்தில் எல்ரே சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தான். தோளில் ஒரு துண்டு, கையில் பாதி பூடான், பக்கத்தில் காப்பி. எதிரே முர்ஃபி, தீர்ப்புக்குக் காத்திருப்பவன் மாதிரி.

அவளைப் பார்த்ததும் எல்ரே எழுந்தான். "துறையில நின்னு தட்ட நீட்டினான், வெர்னா. மூணு வருஷம் கழிச்சு. நான் எப்படித் தாண்டிப் போறது? வீட்டுக்குள்ள தொப்பியோட வரக் கூடாதுன்னு கழட்டினேன், தண்ணில விழுந்துடுச்சு. ரெண்டு நிமிஷம்தான்னு நினைச்சேன்."

அவள் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனாள்.

"லர்லீன். ஆள் கிடைச்சாச்சு."

"எப்படி, அக்கா?" லர்லீன் கேட்டாள். உயிரோடா என்று கேட்க முடியவில்லை என்பது அந்த இரண்டு சொல்லிலேயே தெரிந்தது.

"நல்லா இருக்கான். முக்குளிக்கிறவங்களத் திருப்பி அனுப்பு. போட்டியிலருந்து அவன் பேர எடுத்துடு."

"காரணம் என்னன்னு சொல்லணுமேக்கா."

"முர்ஃபி வீட்டுல காப்பி குடிக்கறான்."

"முர்ஃபி வீட்டுலயா? சரிக்கா" என்றாள் லர்லீன்.

"வெர்னா, துறையிலருந்தே திரும்பக் குதிச்சுடறேன்" என்றான் எல்ரே. "சைக்கிளும் ஓட்டமும் பாக்கி இருக்கு. ஒரு வருஷமா இதுக்காகத்தானே..."

"கால நீட்டு."

கணுக்காலில் நேரம் குறிக்கும் பட்டை இருந்தது. அவள் மண்டியிட்டாள். கொக்கியை விடுவிக்க வரவில்லை. விரல்கள் அவள் சொன்னபடி கேட்கவில்லை. எல்ரே மேலிருந்து அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். அதுவரை அவன் முகத்தில் மிச்சமிருந்த வாதம் எல்லாம் இறங்கிப்போனது. கையிலிருந்த பூடானைத் தட்டில் வைத்தான்.

"தள்ளிக்கங்க அண்ணி" என்று முர்ஃபி குனிந்தான். பட்டையைக் கழற்றி அவள் கையில் வைத்தான். "தப்பு என்மேல. அவன் மூச்சு வாங்கிட்டு வந்தான். கூப்பிடாம இருக்க முடியல. ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க."

"நான் வேலையில இருக்கேன், முர்ஃபி" என்றாள் வெர்னா. கோபமாகச் சொல்லவில்லை. "இவன உன் வண்டியில ஏத்திட்டு வா. ஈரத்தோட உக்கார வைக்காத."

"நானும் படகுல வரேனே" என்றான் எல்ரே, மெதுவாக.

"வேண்டாம். நீ தின்னு முடி."

படகு அதற்குள் துறையைவிட்டு விலகியிருந்தது. முழங்கால்வரை சேற்றில் இறங்கி இழுத்து ஏறினாள். இரண்டு பேரும் துறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணில் படுகிறவரை துடுப்பைச் சீராகப் போட்டாள். வளைவு தாண்டி மரங்கள் மறைத்ததும் துடுப்பைப் படகுக்குள் வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. தூரத்தில் அக்கார்டியன் வேறு பாட்டுக்கு மாறியது. படகு தானாகவே, நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல், கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.