சின்ன அடி வால்ஸ்

எங்கள் குசினியில் ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டுமென்றால் மேசையில் இருப்பவர் எழும்ப வேண்டும். பெரும்பாலும் அங்கே இருப்பவர் முசியே பெப்பே, மடியில் அக்கோர்டியனோடு. நான் சோற்றுப் பானையோடு திரும்பினால் அதன் துருத்தியைச் சுருக்கிக்கொள்வார். அவர் கோப்பி போட எழும்பினால் நான் வயிற்றை எக்கிக்கொள்வேன். லாச்சப்பல் என்ற இந்தப் பிரெஞ்சு நகரப் பகுதிக்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாக இருந்தது இதுதான்: இரண்டு ஆண்கள் ஒரு வார்த்தை பேசாமல் நாள் முழுவதும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டிருப்பது.

முசியே பெப்பே இத்தாலியர். இளவயதில் இங்கே வந்து, சனிக்கிழமை நடனக் கூடங்களுக்கு மெட்டுப் போட்டே கிழவரானவர். வீடு அவர் பேரில் வாடகைக்கு இருக்கிறது. அதில் ஓர் அறை எனக்கு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஊரில் எங்களுக்கு இருந்ததே ஓர் அறைதான். நான் புத்தகத்தை விரித்தால் அப்பா, அம்மா, தங்கச்சிமார் எல்லோரும் எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவார்கள், மழையென்றாலும். அப்படிப் படித்த படிப்பு, ஒபர்வில்லியே மொத்தக் கடைகளில் துணி மூட்டை ஏற்றி இறக்கத் தேவைப்படவில்லை. வேலை முடிந்து வந்து விழ ஓர் இடம்தான் தேவைப்பட்டது.

போன கோடையில் பெப்பேயின் ஊர்த் திருவிழாவுக்கு அழைப்பு வந்தது. அவர் போட்ட வால்ஸ் நடன மெட்டுக்கு ஊரே ஆடப்போகிறதாம். பெறாமகள் தன் வீட்டு மாடியை ஒதுக்கி வைத்திருக்கிறாளாம்.

"பிடித்தால் அங்கேயே நின்றுவிடுவேன். அப்போது இந்த வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்" என்றார்.

"நல்லது" என்றேன்.

"உனக்குச் சந்தோஷமில்லை."

"களைப்பு, முசியே." அது பொய்யுமில்லை.

மரக்கறிக்கடை ராசன் அண்ணைக்குச் செய்தி எப்படியோ போய்விட்டது. "கிழவன் அங்கையே நிண்டிட்டால் உன்ரை பாடு என்னடா?"

"பாப்பம் அண்ணை."

"பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்ரை வீட்டை வந்திடாதை. என்ரை பிள்ளையளே அலுமாரிக்குள்ளை படுக்காத குறை."

பெப்பே ஊருக்குப் போயிருந்த நாட்களில் குசினி முழுவதும் எனக்கு. ஆனாலும் சோற்றுப் பானையோடு திரும்பும்போது வயிறு தானாக எக்கியது. வெறும் கதிரைக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த அறைக்கு யாரிடம் கேட்பது என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை.

சொன்ன நாளுக்கு முன்னமே பெப்பே வந்துவிட்டார்.

"ஆடினார்களா?"

"ஆடினார்கள். சதுக்கம் பெரிது, சின்னவனே. அங்கே காலை நீட்டி வைத்துத் துள்ளி ஆடுவார்கள். என் வால்ஸ் ஆளோடு ஆள் முட்டுகிற கூடத்துக்குப் போட்டது. சின்ன அடி. நின்ற இடத்திலேயே சுற்ற வேண்டும். அவர்களுக்குக் கால் பின்னியது. பாவம், வாத்தியக்காரர்கள் மரியாதைக்கு வேகத்தைக் குறைத்தார்கள். வேகம் குறைந்த பிறகு அது என்னுடையது இல்லை."

"அதற்காகவா வந்துவிட்டீர்கள்?"

"மாடியும் பெரிது. கையை நீட்டினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. எனக்கு நித்திரை வரவில்லை."

என் முகத்தில் தெரிந்த நிம்மதியை மறைக்க ஃபிரிட்ஜின் பக்கம் திரும்பினேன். அவர் எழும்பினார்.

அந்த ஞாயிறு அம்மா வீடியோவில் வந்தார். ஊரில் நான் அனுப்பும் காசில் கட்டும் எங்கள் புது வீடு முடியப்போகிறது. தொலைபேசியைப் பிடித்தபடி நடந்து காட்டினார். வெள்ளைச் சுவர் முடியாமல் போய்க்கொண்டே இருந்தது.

"குசினியைப் பார் தம்பி. கலியாணத்துக்கே சமைக்கலாம். நீ வந்து நிக்கேக்கை தெரியும். ஃபிரிட்ஜை எங்கை வைக்கிறது? அந்த மூலையிலை வைக்கட்டே?"

எனக்குப் பின்னால் பெப்பே சின்ன அடி வால்ஸைத் தொடங்கியிருந்தார். திரையில் தெரிந்த அவ்வளவு அகலமான தரையில் நான் எப்படி நடப்பேன் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேசைக்குப் பக்கத்திலை வையுங்கோ அம்மா. நல்லா ஒட்டி."

"அப்ப ஆரும் மேசையிலை இருந்தால் திறக்கேலாதே?"

"எழும்புவினம்" என்றேன்.