அத்தையின் பெட்டியில் இருந்த சீட்டு

என் அத்தை ஆள் பிடிக்கிறாள் என்பதை ஜோகுபாளையத்தில் முதன்முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. யுத்தம் இன்னும் வந்திருக்கவில்லை.

அத்தை, அப்பாவின் தங்கை. பெண்கள் பள்ளி ஒன்றில் தையல் டீச்சர். அவளும் அவள் வயதுக்காரர்கள் எட்டுப் பேருமாக ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டப் போன தமிழர்களின் பிள்ளைகளுக்கு எழுத்தும், பெண்களுக்குத் தையலும் கற்றுக்கொடுப்பதுதான் சங்கத்தின் வேலை. அவர்களில் ஒருவர் ஏற்கெனவே அங்கே ஒரு தோட்டத்தில் வாத்தியாராகப் போயிருந்தார். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அரிச்சுவடியைக் கையால் எழுதிப் பிரதியெடுப்பார்கள், பழைய செய்தித்தாளில் ரவிக்கைக்கும் பாவாடைச் சட்டைக்கும் அளவு வெட்டுவார்கள். எல்லாம் ஒரு மரப்பெட்டியில் கப்பலேறும்.

மலேயா என்ற சொல்லே அம்மாவுக்கு ஆகாது. தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கப்பலேற்றுகிற கங்காணிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் அவள் முகம் கறுத்துப்போகும்.

"கங்காணிங்களும் மொதல்ல இப்பிடித்தான் படிப்பு, துணிமணின்னு தேனா பேசுவானுங்க. கப்பல் ஏறுனப்புறம் தெரியும் சேதி. உங்க அத்தை மேல ஒரு கண்ணு வெச்சிக்க" என்றாள் என்னிடம்.

நான் இரண்டு கண்ணையும் வைத்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலிலேயே பேய் தெரிந்தது. சங்கத்து ஆட்கள் சிரித்தால் ஏன் சிரிக்கிறார்கள் என்று யோசித்தேன். சிரிக்காமலிருந்தால் அதற்கு மேல் யோசித்தேன். ஒருநாள் அத்தை என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, தோள், மார்பு, கை நீளம் என்று நாடாவால் அளந்து எழுதிக்கொண்டாள்.

"எதுக்கு அத்தே?"

"அங்க உன் வயசுப் பொண்ணுங்க ஜாஸ்தி பேரு இருக்காங்கடி. உன் அளவு சரியா இருக்கும்."

அன்று முதல் அவள் எது தின்னக் கொடுத்தாலும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். கடலைமிட்டாய்க்கு மட்டும் விலக்கு.

பெட்டி மூடப்படுவதற்கு முந்தின வாரம் அம்மா திடீரென்று மாறிப்போனாள். அத்தையைத் திட்டவில்லை. இரண்டு பேரும் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசினார்கள், நான் போனதும் நிறுத்திக்கொண்டார்கள். அத்தை அம்மாவையும் மயக்கிவிட்டாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. இனிமேல் வீட்டைக் காப்பாற்ற நான் ஒருத்திதான்.

மறுநாள் காலை யாரும் இல்லாத நேரத்தில் பெட்டியைக் கிளறினேன். சட்டை அளவுகளுக்கு நடுவே நாலாக மடித்த ஒரு சீட்டு கிடைத்தது. அத்தையின் கையெழுத்துதான். எனக்குத் தெரியாத ஒரு ஆணின் பெயர், வயது முப்பது, மாநிறம், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. கடைசியில் 'எந்தத் தோட்டம்?' என்று ஒரு கேள்வி.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கங்காணி ஆளை எழுதிக்கொள்வது இப்படித்தான் என்று தெருவில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன். யாரோ ஒரு அப்பாவியைக் காப்பாற்றுகிற பெருமையோடு சீட்டைக் கொண்டுபோய் வெந்நீர் அண்டாவின் அடியில் எரிகிற அடுப்பில் போட்டேன்.

பெட்டி போயிற்று. மாதங்கள் கழித்துத் தோட்டத்து வாத்தியாரிடமிருந்து கடிதம் வந்தது. ஆறு பெண்கள் தைக்கக் கற்றுக்கொண்டார்களாம். ஒருத்திக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் தையல் வேலையே கிடைத்துவிட்டதாம். அத்தை பூரித்துப்போனாள்.

"வேற ஒண்ணும் எழுதலியா?" என்றாள் அம்மா.

"இல்ல அண்ணி. தேடிக்கினு இருப்பாரு."

இரண்டாவது கடிதத்துக்கும் அதே கேள்வி. மூன்றாவது வந்தபோது அம்மா கேள்வி கேட்கவில்லை. அத்தையின் முகத்தை மட்டும் பார்த்தாள். "இன்னொருவாட்டி எழுதிப் பாக்கலாம் அண்ணி" என்றாள் அத்தை. "வேணாம். உசுரோட இருந்தா இந்நேரம் ஒரு வார்த்தை வந்திருக்கும்" என்றாள் அம்மா.

அவர்கள் யாரைப் பற்றிப் பேசினார்கள் என்பது அம்மா காலமான பிறகு அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பிறப்பதற்கு முன்பே கங்காணி பின்னால் போய்விட்ட அம்மாவின் தம்பி. அவன் பெயரை அம்மா எங்கள் வீட்டில் உச்சரித்ததே இல்லை. எழுதத் தெரியாதவள், யாரைத் தினம் திட்டினாளோ அவளிடமே போய், ஒரே ஒரு முறை, எழுதித்தரச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். சீட்டு என்ன ஆயிற்று என்பதை அத்தையிடம் நான் சொல்லவில்லை. வெட்கங்கெட்டவள் நான், இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாவது கடிதம் வந்த மறுநாள், அம்மா சாவுச் சேதி கேட்டவள்போல, எண்ணெய் வைக்காமல் கிணற்றடிக்குப் போய்க் குடம் குடமாகப் பச்சைத் தண்ணீரை இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டாள். மார்கழிக் குளிர். அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடுமே என்று பயந்து நான் ஓடினேன்.

"அண்டாவுல வெந்நீர் இருக்கும்மா" என்றேன்.