கழுத்துக் கருப்பு

மேளத்தைக் கண்ணால் பார்க்காமல், அது எழுப்பும் ஒலிகளை மட்டும் வைத்துக்கொண்டு அதன் வடிவத்தைச் சொல்ல முடியுமா? கணிதத்தில் தலைகீழ் நிறமாலைக் கணக்கு என்று பெயர் பெற்ற இந்த ஒரு கேள்வியின் பின்னாலேயே பேராசிரியையின் இளமை போயிருந்தது. ஆள் ஒட்டடைக் குச்சி. மேடையேறினால் மட்டும் கடைசி வரிசையில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான்.

அன்று கல்லூரி அரங்கில் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பேச்சு. முன்வரிசையில் ஒன்பதாம் வகுப்புத் தோழிகளோடு அவருடைய ஒரே மகளும் இருந்தாள். வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவார்கள். வயதுக்கு மீறிய பருமன்.

"சத்தத்த வச்சு உருவத்தச் சொல்றது நாம தினமும் செய்யறதுதான்," என்றார் பேராசிரியை. "எங்க வீட்டு மாடிப்படி அதிர்ந்தா நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். ஒண்ணு, யாரோ பீரோவ ஏத்தறாங்க. இல்லன்னா எம் பொண்ணு வர்றா."

அரங்கம் சிரித்தது. வாய்க்கு வந்த வேகத்தில் சொன்னதுதான். முடிப்பதற்குள் கண் முன்வரிசைக்குப் போய்விட்டது. பாப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் சிரித்தாள். பேராசிரியைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும், வேறுவேறு வடிவமுள்ள இரண்டு மேளங்கள் அச்சு அசலாக ஒரே மாதிரி ஒலிக்கவும் கூடும் என்பதைப் படம் போட்டு விளக்கி, கைதட்டலும் வாங்கிக்கொண்டுதான் இறங்கினார்.

அதற்குப் பிறகு மாடிப்படியில் சத்தமே இல்லை. பாப்பா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நுனிக்காலில் ஏறினாள். மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் பேராசிரியை வேறு எதையாவது சொல்லித் தொலைத்தார். பெரும்பாலும் கழுத்தைப் பற்றி. மகளின் பின்கழுத்தில் கருப்பு பட்டையாக ஏறியிருந்தது. "சோம்பேறி, தேய்ச்சுக் குளிக்கறதில்லையா?" என்று ஒருநாள் பீர்க்கங்காய் நாரை எடுத்து அவரே தேய்த்தார். தோல் கன்றியதே தவிர கருப்பு போகவில்லை.

பள்ளியில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் ரத்தம் பார்க்கச் சொன்னார்கள். முடிவுகளோடு இருவரும் டாக்டரிடம் போனார்கள். அந்த அம்மாள் பாப்பாவின் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது அழுக்கு இல்லம்மா. இன்சுலின் நிறையவே சுரக்குது. உடம்புதான் அது சொல்றதக் கேக்க மாட்டேங்குது. அதோட அடையாளம் இது, தேய்ச்சா போகாது. சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது, கல்லீரல்லயும் கொழுப்பு இருக்கு. இந்த வயசுல மாத்திடலாம். ஆனா வீட்ல யாரும் இவள சோம்பேறின்னு சொல்லிடாதீங்க."

பேராசிரியை கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பா அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் அதிகம் சுட்டது.

"குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை உண்டா?"

"இல்ல."

பொய். பாப்பா கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்தே அவர் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். சத்து மாத்திரை என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார். வாயைக் கட்டத் தெரியாதவர்களுக்கு வரும் வியாதி என்று ஊருக்கெல்லாம் பேசியவர், தனக்கு இருப்பதை எந்த வாயால் சொல்வார்?

வாசல்வரை வந்துவிட்டார்கள். செருப்பை மாட்டக் குனிந்த மகளின் கழுத்தில் நார் கீறிய தடம் இன்னும் இருந்தது. பேராசிரியை அவள் கையைப் பிடித்துக்கொண்டு திரும்ப உள்ளே போனார்.

"டாக்டர், எனக்கு இருக்கு. ரொம்ப வருஷமா. இவகிட்டகூடச் சொன்னதில்ல." மகளின் பின்கழுத்தைத் திருப்பிக் காட்டினார். "கழுத்தத் தேய்ச்சதும் நான்தான்."

"ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வரும்மா," என்றார் டாக்டர். "முன்னாடியே சொல்லியிருந்தா இவளுக்கு முன்னாடியே பாத்திருக்கலாம்."

பேருந்து நிறுத்தத்தில் பாப்பா கேட்டாள். "அப்ப அந்த சத்து மாத்திரை?"

"அதேதான்."

"தெரிஞ்சிருந்தா, வீட்ல நான் மட்டும்தான் தப்பாப் பொறந்துட்டேன்னு நெனச்சிருக்க மாட்டேன்."

"மன்னிச்சிடும்மா. அன்னிக்கு மேடையில..."

"அதப் பேசாத," என்றாள் பாப்பா.

பிறகு வீட்டில் இருவருக்கும் ஒரே சாப்பாடு, மாலையில் இருவருமாக நடை. அடுத்த பரிசோதனைகளில் பாப்பாவின் சர்க்கரை இறங்கியிருந்தது, கல்லீரலும் தேறியிருந்தது. எடை பெரிதாகக் குறையவில்லை; டாக்டர் அதைப் பெரிதுபடுத்தவும் இல்லை. பேராசிரியை இன்னமும் மேடையேறுகிறார், வீட்டு உதாரணம் எதுவும் சொல்வதில்லை. பாப்பா அவர் பேச்சுக்கு மறுபடி வரவில்லை. வாயேன் என்று கூப்பிட அவருக்கும் முகமில்லை.