சயாம் ரயிலுக்குக் கொண்டுபோகும் கோடி

தாய்லாந்துக்குப் போகிறேன் என்று சொன்னதும் ஆழ்துளைக் கிணறு போடும் எங்கள் ரிக் ஆபீஸில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஏனுங் மாமா, இந்த வயசுலயுங்களா? அத்தைக்குத் தெரியுமுங்களா?" என்றான் என் தொழில் பங்காளி.

"உங்கத்தையும் வாரா. அவளோட அம்மாளும் வாராங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. "மாமியாரைக் கூட்டிக்கிட்டுத் தாய்லாந்து போற மொத ஆளு நீங்கதானுங்க" என்று அவன் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். திருச்செங்கோட்டில் ஒரு ரிக் வண்டியில் ராடு தூக்கும் ஆளாகச் சேர்ந்தேன். இன்றைக்கு என் பெயரில் நான்கு வண்டிகள் ஓடுகின்றன. ராஜஸ்தான் மணலிலும் போர் போட்டிருக்கிறேன், சத்தீஸ்கர் காட்டிலும் போட்டிருக்கிறேன். பாஷை தெரியாத ஊரில் முப்பது ஆளை வைத்துச் சோறு போட்டு வேலை வாங்கியவனுக்கு ஐந்து நாள் பயணம் ஒரு பயணமா? இப்படித்தான் நினைத்தேன்.

பயணம் எனக்காக இல்லை, அத்தைக்காக. என் மாமியாரைத்தான் சொல்கிறேன். எண்பத்தைந்தைத் தாண்டியவர். என் மனைவி ஒரே பெண் என்பதால் எங்களோடுதான் இருக்கிறார். அவர் தொட்டிலில் கிடந்தபோது அவருடைய அப்பா மலேயா ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனார். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் தோட்டத்து ஆட்களை அள்ளிக்கொண்டு போய், சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட வைத்தான். கூடப் போன மோகனூர்க்காரர் ஒருவர் சண்டை முடிந்து திரும்பி வந்து, "காய்ச்சலோட கெடந்தானுங்க, அதுக்கப்பறம் நான் பாக்கலீங்க" என்று சொன்னார். அவ்வளவுதான் சேதி. ஆள் வந்தாலும் வருவான் என்று கருமாதி செய்யவில்லை. கோடியும் போடவில்லை.

எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் உறவுக்காரர்கள் புதுத் துணி கொண்டுவந்து உடம்பின் மேல் போர்த்துவார்கள். அதுதான் கோடி. கோடி விழாமல் போன உடம்பு அனாதை உடம்பு. அப்பாவுக்கு ஒரு கோடி போட வேண்டும் என்பதைத் தவிர அத்தை என்னிடம் எதையும் கேட்டதில்லை. அதையும் நேராகக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் கிடையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார், மகள் என்னிடம் சொல்வாள். குழம்புக்கு உப்புப் போதுமா என்ற கேள்வியும் இப்படித்தான் வரும்.

சேலத்தில் ஒரு டிராவல்ஸ்காரரைப் பிடித்தேன். அவர் போட்டுக் கொடுத்த திட்டத்தில் யானை இருந்தது, கடல் இருந்தது, கடைவீதி இருந்தது. அந்த ரயில் பாதையில் இருக்கும் பாலத்துக்கு அரை நாள்.

"யானையும் கடலும் எனக்கு வேண்டாம். அந்தப் பாதைக்கே எல்லா நாளையும் போடுங்க" என்றேன்.

"அங்க அத்தனை நாள் பாக்கறதுக்கு ஒன்னும் இல்லீங்க ஐயா."

"பாக்கறதுக்கு யாரு போறா?"

அப்படியே விமான சீட்டையும் முடிவு செய்தேன். ஜன்னலில் அத்தை, நடுவில் என் மனைவி, ஓரத்தில் நான். நடுவில் அவள் இல்லாவிட்டால் வழியில் நாங்கள் எப்படிப் பேசிக்கொள்வது? அரிசியையும் அடுப்பையும் நானே எடுத்து வைத்தேன். ரிக் வண்டி எந்த மாநிலத்துக்குப் போனாலும் எங்கள் அரிசியும் அடுப்பும் கூடவே போகும். குமாரபாளையம் போய், கடையிலேயே உசத்தியான பட்டுக்கரை வேட்டியைக் கோடிக்கு எடுத்தேன். நான் எடுத்தால் உசத்தியாகத்தான் எடுப்பேன்.

அடுத்த தடவை சேலம் போனபோது டிராவல்ஸ்காரர் போனில் அங்குள்ள கல்லறைத் தோட்டத்தின் படங்களைக் காட்டினார். வெட்டிவிட்ட புல்தரை, வரிசை வரிசையாகக் கற்கள், ஒவ்வொரு கல்லிலும் பெயர். எல்லாம் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் என்று படித்துச் சொன்னார்.

"நம்மாளுங்க கல்லு எங்கீங்க?"

அவர் வெகுநேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "நம்மாளுங்க நெறையப் பேரு செத்திருக்காங்க ஐயா. ஆளாளுக்குக் கல்லு வெக்கலீங்க. நானூறு கிலோமீட்டருக்கு மேல பாதை. அதுல யாரு எங்கன்னு தெரியாதுங்க."

ஆயிரம் அடி இறக்கியும் தண்ணீர் வராமல் வெறும் புழுதிப் புகையாக வந்தால், அதைத் தோட்டத்துக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் எங்கள் தொழிலில் கஷ்டமான வேலை. மற்ற வண்டிக்காரர்கள் மேனேஜரை அனுப்பிவிடுவார்கள். நான் நானே போய்ச் சொல்வேன். அந்தப் பேர் எனக்கு உண்டு. ஆனால் அத்தையிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. கல் இல்லை என்று தெரிந்தால் பயணமே வேண்டாம் என்று சொல்லி, அந்த ஆசையோடேயே போய்ச் சேர்ந்துவிடுவார் என்று பயந்தேன். பெட்டியைத் திறப்பதும் அரிசியை மறுபடி எடை போடுவதுமாகச் சில நாள் ஓடியது. மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

ஒரு காலையில், "உங்கம்மாகிட்டச் சொல்லு…" என்று ஆரம்பித்தேன்.

"என்னன்னாலும் நீங்களே சொல்லுங்க. நான் என்ன தந்திக் கம்பியா?"

வேறு வழியில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு சத்தமாகச் சொன்னேன். "அத்தை, அங்க உங்கப்பாவுக்குக் கல்லு இல்லீங்க. எந்த எடத்துல போனாருன்னு யாருக்கும் தெரியாதுங்க. கோடியைக் கையில வெச்சுக்கிட்டு எங்க போடறதுன்னு நிக்க வேண்டி வருமுங்க. வேண்டாம்னா டிக்கெட்டை நிறுத்திக்கலாமுங்க."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அப்புறம் அத்தை கதவுக்கு முன்னால் வந்தார். முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மாப்ள, தண்டவாளம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. கொஞ்ச தூரம் இன்னும் ரயிலே ஓடுதுங்க."

"அப்ப அதுல ரிப்பேர் வேல செய்யற ஆளுங்க இருப்பாங்கல்லொ?"

"இருப்பாங்க அத்தை. கேங் ஆளுங்க இல்லாம ரயில் ஓடுமுங்களா?"

"அவிங்களுக்குக் குடுத்துரலாமுங்க. எங்கப்பன் செஞ்ச வேலையத்தான அவிங்களும் செய்யறாங்க."

என் மனைவி பதறினாள். "உசுரோட இருக்கறவங்க மேல கோடி போடலாமா? என்னம்மா நீ?"

"மேல எதுக்குடி போடறது? கையில குடுத்தாக் கட்டிக்கிட்டு வேல செய்யறான். கல்லு மேல போட்டா வெய்யில்ல காஞ்சு மக்கிப் போகும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்ள, பட்டுக்கரை வேண்டாமுங்க. கிரீஸ் பட்டா ஒரே நாள்ல போச்சு. அந்தூரு ஆம்பளைங்க இடுப்புல கட்டம் போட்ட துண்டுதான் கட்டறாங்க, இவ போன்ல பாத்தனுங்க. அதயே எடுத்துருங்க. ஒருத்தனுக்குக் குடுத்தா மத்தவன் மொகம் வாடிப்போகும், நெறையவே எடுத்துக்குங்க."

மறுபடியும் குமாரபாளையம். கோடிக்கு எடுத்த துணியைத் திருப்பி வாங்க மாட்டோம் என்று கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். கட்டம் போட்ட துண்டுகள் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வேட்டியோடு திரும்பினேன். "இருக்கட்டும், எனக்கே ஆகும்" என்று அதைப் பீரோவில் வைத்தேன். மனைவி முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

டிராவல்ஸ்காரருக்குப் போன் செய்து, ரயிலில் போய் வந்தால் மட்டும் போதாது, நடுவில் இறங்க வேண்டும் என்றேன்.

"எந்த ஸ்டேஷன்லங்க ஐயா?"

"பேரு எனக்கெதுக்கு? ஆளுங்க வேல செஞ்சுக்கிட்டிருக்கற ஸ்டேஷனாப் பாத்து எறக்குங்க."

துண்டுக் கட்டைப் பெட்டியில் வைத்ததும் எடை மீறிவிட்டது. அரிசியையும் அடுப்பையும் எடுத்து வெளியே வைத்தேன். எங்கே போனாலும் என் சோற்றைத்தான் தின்பேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவன் நான்.

"அரிசியில்லாம என்ன பண்ணுவீங்க மாப்ள?" என்றார் அத்தை.

"அந்தூர்க்காரங்க திங்கறதைத் தின்னுக்கறனுங்க அத்தை."

அன்றிலிருந்து அவர் கதவுக்குப் பின்னால் போகவில்லை. ரயில் எப்போது கிளம்பும், துண்டை யார் கையில் முதலில் கொடுப்பது, அவர்களுக்கு எந்தப் பாஷையில் சொல்வது என்று நாள் முழுக்க என்னையே கேட்கிறார். மனைவி இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏனுங்க, பிளேன்ல நடுசீட்டுல நீங்களே உக்காந்துக்குங்க. நான் ஓரமாத் தூங்கிட்டு வாரேன்" என்றாள்.