ஒரு முழம் தள்ளி, கொஞ்சம் சாய்த்து

"உடற்குறையால் நேரில் வர இயலாதவர்கள், கெஜட் பதிவு பெற்ற அதிகாரி ஒருவர் முன்னிலையில் தம் இல்லத்திலேயே வாசித்து, இடையில் வெட்டோ ஒட்டோ இன்றி ஒலிநாடாவில் பதிந்து, அவ்வதிகாரியின் சான்றுடன் அனுப்பலாம். மைக் வைக்கும் இடம் விண்ணப்பதாரரின் விருப்பப்படி. இச்சலுகை ஒருவருக்கு ஒருமுறை மட்டும்." வானொலி நிலையம் வாத்தியக் கலைஞர் தேர்வுக்காக அனுப்பிய விண்ணப்பக் குறிப்புகளில் பதினொன்றாவது இது. விருப்பம் விண்ணப்பதாரருடையது என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள். அதிகாரியுடையது என்றோ, விண்ணப்பதாரரின் அண்ணனுடையது என்றோ எழுதவில்லை.

விண்ணப்பதாரர் என் தங்கை. ஐம்பதுகளின் பின்பாதி அது. நான் ஓசூர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. எங்கள் அப்பா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். அங்கே பக்கத்து வீட்டில் இருந்த ஆங்கிலோ இந்திய அம்மாள், இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போன என் தங்கையிடம் ஒரு பழைய கிட்டாரைக் கொடுத்து, உட்கார்ந்த இடத்திலேயே செய்யக்கூடிய காரியம் என்று சொல்லிக் கற்றுக்கொடுத்தார். அப்பா போன பிறகு அவளும் கிட்டாரும் என்னோடு ஓசூருக்கு வந்தார்கள். இரும்புப் பட்டை கட்டிய காலோடு அவளால் தெருக்கோடி வரை போக முடியும். பட்டணம் போகும் பஸ்ஸில் ஏற முடியாது. பகல் முழுவதும் வீட்டில் தனியாக, தானே கேட்டுப் பழகிய கீர்த்தனைகளை வாசிப்பாள். அந்த வாசிப்பை நாலு சுவருக்கு வெளியே யாராவது கேட்க வேண்டும் என்றால், அதற்கு இருந்த ஒரே வழி பதினொன்றாவது குறிப்புதான். அதுவும் ஒருமுறை.

டேப் ரிக்கார்டர் என்பது அப்போது எங்கள் வட்டாரத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அபிவிருத்தி வட்டார ஆபீசில், கிராமம் கிராமமாக எருக்குழிப் பிரசாரம் செய்வதற்காக வாங்கி வைத்திருந்தார்கள். மூன்று மனு, இரண்டு நினைவூட்டு, ஒரு நேரடிக் கெஞ்சலுக்குப் பிறகு மூன்று நாளைக்குக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்குத் திருப்பித் தர வேண்டும். கூடவே இயந்திரத்தை இயக்கும் பாயையும் அனுப்பினார்கள். கிருஷ்ணகிரிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாடா ஒன்றே ஒன்று.

முதல் நாள் பாய் வந்ததும் கிட்டாரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

"மீட்டிங்குல பேசறவனுக்கு வாய் ஒண்ணுதான் சார். அதுக்கு நேரா மைக்க வெச்சிட்டு நான் பாட்டுக்குப் பீடி குடிக்கப் போயிடுவேன். இதுக்கு எங்க சார் வாய்?"

"ஓட்டைதான்" என்றேன் நான். படித்தவன் அல்லவா.

ஓட்டைக்கு நேராக, ஆறு அங்குலத்தில் மைக்கை வைத்தோம். அவள் ஒரு கீர்த்தனையின் பல்லவியை வாசித்தாள். நாடாவைத் திருப்பிச் சுற்றிப் போட்டுக் கேட்டால், குடத்துக்குள் தலையை விட்டு யாரோ முனகுவதுபோல் இருந்தது. கீழ்த்தந்திகள் டொம் டொம் என்று மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு, ராகத்தை வெளியே விடவில்லை. என் தங்கையின் முகம் சுண்டிவிட்டது. தன் வாசிப்பை அவள் வெளியிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

"நான் இவ்ளோ மோசமாவா வாசிக்கறேண்ணா?"

"உன் தப்பு இல்ல தங்கச்சி" என்றார் பாய். "மைக்கு தப்பான எடத்துல குந்திக்கினு இருக்குது."

பிறகு ஆரம்பித்தது தேடல். தந்திகளைத் தாங்கும் அடிப்பாலத்தின் பக்கம் நகர்த்தினால் தகரத்தைச் சுரண்டுவதுபோல் கேட்டது. கழுத்துப் பக்கம் கொண்டுபோனால் விரல் தந்தியில் உரசும் சத்தம்தான் பெரிதாக வந்தது. நாலு முழம் தள்ளி வைத்தால் அறையின் எதிரொலியும், பெங்களூர் ரோட்டில் போகிற லாரியும், பக்கத்து வீட்டு எருமையும் சேர்ந்து கச்சேரி செய்தன. மைக்கின் இரும்புக் கம்பமோ நின்று பேசுகிறவருக்காகச் செய்தது. அதைத் தாழ்த்த வழியில்லை. ஒரு முக்காலியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் காலில் மைக்கைத் துணியால் கட்டினோம். இயந்திரத்தின் மோட்டார் இரைச்சல் நாடாவில் விழுந்தது. அதைச் சமையலறைக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினால் மைக்கின் ஒயர் இரண்டு கஜத்துக்கு மேல் வரவில்லை. ஆகவே சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் மட்டுமே மைக் இருக்கலாம். அந்த இடம் அறையின் மூலை. மூலையில் உட்கார்ந்தால் சுவர் இரண்டும் சேர்ந்து கீழ்த்தந்தியை இன்னும் ஊதிப் பெரிதாக்கின.

போதாததற்கு மின்சாரம். எங்கள் தெருமுனையில் அரிசி மில் ஓடும்போது விளக்கு மங்கும், டேப் சுற்றும் வேகம் தளரும், சுருதி சேர்த்த கிட்டார் மெல்ல மெல்ல அழ ஆரம்பிக்கும். மில் நிற்பது மத்தியானம் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை, ஆட்கள் சாப்பிடப் போகும்போது. ஆக, மூன்று நாள் என்று எங்களுக்குக் கொடுக்கப்பட்டது உண்மையில் மூன்று மணி நேரம். முதல் மணி நேரம் வீணாகப் போயிருந்தது.

இரண்டாம் நாள் காலையில் மூலையின் இரண்டு சுவரையும் ராகி மூட்டைகளால் மறைத்தோம். அவற்றின்மேல் வீட்டில் இருந்த ஜமக்காளம், போர்வை எல்லாவற்றையும் தொங்கவிட்டோம். காலில் இருந்த இரும்புப் பட்டை அசையும்போது 'டிக்' என்று கேட்டது. அதைச் சுற்றி என் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினாள். ஒரு மணி அடித்து மில் நின்றதும் என் தங்கை வாசித்துக்கொண்டே இருந்தாள், நான் மைக் கட்டிய முக்காலியை அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன், பாய் உள்ளிருந்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். ஒன்றரைக்கு நாடாவைப் போட்டுக் கேட்டோம். மோசம், மோசம், சுமார், மோசம் என்று போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஓர் இடத்தில் மூன்று பேரும் நிமிர்ந்தோம்.

கழுத்து உடம்போடு சேருகிற இடத்துக்கு எதிரே, ஒரு முழம் தள்ளி, மைக்கின் முகத்தை ஓட்டையின் பக்கம் லேசாகச் சாய்த்து வைத்த இடம் அது. தந்தி தந்தியாகக் கேட்டது. கமகத்தின் வளைவு உடையாமல் வந்தது.

"பலகை பூராவும் பேசுது பாய்" என்றாள் அவள். "நாமதான் ஓட்டைய மட்டும் பாத்துக்கிட்டு இருந்தோம்."

"அப்போ ஒடம்பெல்லாம் வாயின்னு சொல்லு. எங்க வட்டார ஆபீசரு மாதிரி" என்றார் பாய். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

கவிழ்ந்த முக்காலியின் பலகையையும் அவள் ஸ்டூலின் கால்களையும் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். மூன்றாம் நாள் அதிகாரி வருவார், அவர் முன் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் மிச்சம்.

கையெழுத்துப் போட வர ஒப்புக்கொண்ட கெஜட் அதிகாரி, கால்நடை டாக்டர். தெற்கத்திக்காரர், நல்ல மனிதர். ஒரு மணிக்கு வருவதாகச் சொன்னவர் ஒன்று இருபத்தைந்துக்கு வந்தார். காப்பி குடித்தார். ஒன்று முப்பதுக்கு அறைக்குள் நுழைந்து, என் தங்கையையும் கிட்டாரையும் கவிழ்ந்த முக்காலியையும் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"என்னய்யா இது, வாத்தியம் ஒரு பக்கம் பாக்குது, மைக் ஒரு பக்கம் பாக்குது? சத்தம் வர்ற எடத்துல வைக்க வேண்டாமா?"

எத்தனையோ மாட்டுச் சந்தைகளைத் திறந்து வைத்தவர். மைக் பற்றி அவருக்குச் சந்தேகமே கிடையாது. குனிந்து, முக்காலியை அவரே தூக்கி, ஓட்டைக்கு நேராக, நாலு விரற்கடை தூரத்தில் வைத்தார். பிறகு மைக்கை இரண்டு தட்டுத் தட்டி ஊதினார்.

"சார், அங்க வெச்சா டொம்முனு கேக்கும் சார்" என்றாள் என் தங்கை.

"நீ பயப்படாம வாசிம்மா. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டருக்குப் புரியக்கூடாது என்று தெலுங்கில், தணிந்த குரலில், "நுவ்வு செப்பண்ணா" என்றாள். நீ சொல்லு என்று. கதவிடுக்கில் பாயின் முகமும் என்னைத்தான் பார்த்தது. பதினொன்றாவது குறிப்பு மடித்தபடி என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். அதை நான் தலைகீழாகச் சொல்வேன். ஆனால் பத்து வருட குமாஸ்தா வேலையில், ஒரு கெஜட் அதிகாரி வைத்ததை அவர் கண் முன்னால் நகர்த்த என் கைக்குப் பழக்கமில்லை. அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டால் கையெழுத்துக்கு வேறு ஆள் இல்லை என்பதும் உண்மை. அவர் கோபித்திருக்கவே மாட்டார் என்பதும் இப்போது தெரிகிறது.

"சரிங்க சார்" என்றேன்.

அவள் பதினொரு நிமிடம் வாசித்தாள். அவள் வாழ்நாளில் அதைவிட நன்றாக வாசித்து நான் கேட்டதில்லை. அறையில் அப்படி ஒலித்தது நாடாவுக்குப் போய்ச் சேராது என்பது தெரிந்தே வாசித்தாள். நாடாவின் தொடக்கத்தை மட்டும் போட்டுக் கேட்டபோது அதே குடம், அதே முனகல்.

"கம்பீரமா இருக்கே!" என்றார் டாக்டர். மனதாரச் சொன்னார். சான்றில் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, என் தங்கையின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

மணி ஒன்று ஐம்பது. மில் ஓட இன்னும் பத்து நிமிடம்.

"முக்காலிய கோட்டு மேல வைண்ணா" என்றாள் அவள். "ஒரு பாட்டாவது வாசிக்கறேன். கையெழுத்துதான் வந்துடுச்சே."

"சான்றுல 'என் முன்னிலையில் வாசித்ததை'ன்னு எழுதியிருக்கு பாப்பா. இப்ப எடுத்தா அது வேற பதிவு."

"டேப்புக்குக் கண்ணா இருக்குது சார்?" என்றார் பாய். "அதே தங்கச்சி, அதே பாட்டு, அதே வூடு. எந்தக் கோர்ட்டுல சார் கேக்கப் போறாங்க?"

"தப்புன்னா தப்புதான் பாய்."

"அப்ப அவரு மைக்க தூக்கி வெச்சாரே, அது?" என்று கேட்டாள் என் தங்கை. பாய் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அவள் கிட்டாரை மடியிலிருந்து இறக்கவில்லை, கையும் தந்தியின் மேலேயே இருந்தது. அந்தப் பத்து நிமிடமும் நாங்கள் இருவரும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். பிறகு மில் ஓட ஆரம்பித்து விளக்கு மங்கியது.

நாடாவோடு ஒரு கடிதம் எழுதி வைத்தேன். மைக் வைத்த இடம் பொருத்தமாக அமையவில்லை, விண்ணப்பதாரரின் திறமை இதைவிட மேலானது, இன்னொரு வாய்ப்புத் தந்து உதவ வேண்டும் என்று. யார் வைத்தார்கள் என்று எழுதவில்லை. காப்பாளர் என்ற முறையில் நான் கையெழுத்திட்டதால், அரசு ஊழியன் இன்னொரு இலாகாவுக்கு எழுதும் கடிதம் முறையான வழியில்தான் போக வேண்டும் என்று இரண்டையும் தாசில்தார் மூலமாக மேலே அனுப்பினேன். நேரே தபாலில் போட்டிருக்கலாம். அதை எந்த விதியும் தடுக்கவில்லை. அது ஜனவரி கடைசி.

பிப்ரவரியில் அவள் தினமும் தபால்காரன் வரும் நேரத்துக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மார்ச்சில் நான் நினைவூட்டு அனுப்பினேன், அதுவும் முறையான வழியில். ஏப்ரலில் அவள் வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கிட்டாரைத் தொடுவதும் குறைந்தது. "வாசியேன்" என்றால், "எந்தப் பக்கம் வெச்சு வாசிக்கட்டும்?" என்பாள். குரலில் கோபம் இருக்காது. இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கடைசியில் பதில் ஆபீசில் என் மேஜைக்கே வந்தது, ஐந்து சுருக்கொப்பங்களோடு. கீழ்த்தந்திகளின் ஒலி மிகுந்துவிட்டதால் வாசிப்பை மதிப்பிட முடியவில்லை என்றும், ஆனாலும் விரல்களின் தேர்ச்சி தெரிவதால் விதிவிலக்காக மறுபதிவு ஒன்று ஏற்கப்படும் என்றும், மைக்கைச் சற்றுத் தள்ளி, கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தை நோக்கி வைப்பது நல்லது என்றும் எழுதியிருந்தார்கள். மறுபதிவு இக்கடிதத் தேதியிலிருந்து முப்பது நாட்களுக்குள் வந்து சேர வேண்டும். கடிதத் தேதி மார்ச் ஒன்பது. அது மேல் ஆபீசுக்கு வந்து, அதற்குக் கீழ் ஆபீசுக்கு வந்து, தாசில்தார் மேஜைக்கு வந்து, அங்கிருந்து 'சம்பந்தப்பட்ட குமாஸ்தாவுக்கு' என்று பென்சிலில் குறிக்கப்பட்டு என் கைக்கு வந்த தேதி மே பதினெட்டு.