நான் சொன்ன ஒரு திருத்தம்

கல்யாணத்துக்காக லீவில் வந்த என் கணவர் துபாயிலிருந்து கொண்டுவந்த சாமான்களில், அவர் யாரையும் தொட விடாத ஒன்று லேப்டாப். அங்கே அவருக்கு ஏசி மெக்கானிக் வேலை. வேலை முடிந்து அறைக்கு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதில் இசை செய்வாராம். அதைப் பாட்டு என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது, 'டிராக்' என்று சொல்ல வேண்டும். அதில் வார்த்தை கிடையாது, பாடுகிறவர் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர் சத்தம். பெண் பார்க்க வந்த அன்று இதை யாரும் எங்கள் வீட்டில் சொல்லவில்லை.

அவருடைய ஊர் கடற்கரையில் இருக்கிறது. அந்த வருஷம் அங்கே மாதா கோயில் திருவிழாவில், நாடகத்துக்கு முன்னால் அவருடைய டிராக்கைப் போட ஊரில் ஒத்துக்கொண்டிருந்தார்கள். லீவு முடிவதற்குள் சொந்த ஊர் மேடையில் ஒரே ஒரு தடவை அது கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஊர் சிரித்துவிட்டால் அந்தச் சிரிப்பையும் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். கல்யாணத்தைவிட இதற்குத்தான் மனிதர் அதிகம் பயந்துகொண்டிருந்தார்.

பார்த்தவர் காதிலெல்லாம் ஹெட்போனை மாட்டிவிட்டார். எல்லாரும் "கொள்ளாம், நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்கள். மாமியார் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எப்ப மக்கா பாட்டு தொடங்கும்?" என்றார். அது முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

கடைசியில் என்னிடம் வந்தார். நான் கடலை விட்டுத் தள்ளியிருக்கிற கொட்டாரம் ஊர்க்காரி. எங்கள் கோயில் பாடற்குழுவில் பாடியவள் என்பதால் எனக்கு விஷயம் தெரியும் என்று நினைத்துவிட்டார்.

"நல்லாருக்குன்னு சொல்லாண்டாம். குறையைச் சொல்லு."

"சொன்ன பொறவு முகத்தைத் தூக்கி வச்சிட்டு இருக்கக் கூடாது."

"இல்லட்டி."

அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். இன்டர்நெட்டில் இப்படி டிராக் செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் கருத்துச் சொல்வார்களாம். முதலில் ஒரு நல்லது, பிறகு ஒரு குறை, முடிவில் மறுபடி ஒரு நல்லது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அன்று மத்தியானம் நான் அதை மாமியாரின் மீன் குழம்பில் பரீட்சித்துப் பார்த்தேன். புளி அருமை, உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு, மீன் அருமை என்றேன். "அப்ப நாளைலேந்து நீயே வை" என்று கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டார். இன்றுவரை நான்தான் வைக்கிறேன்.

டிராக்கைக் கேட்டேன். முதல் பாதி, தண்ணீர் இல்லாத கிணற்றில் மோட்டார் ஓடுகிற மாதிரி இருந்தது. பிறகு, டிரம் சத்தத்துக்கு அடியில் ஒரு மணி கேட்டது. ஊர்க் கோயில் திருவிழா மணியை முந்தைய லீவில் செல்போனில் பதிவு செய்து கொண்டுபோயிருக்கிறார். பாலைவனத்து அறையில் உட்கார்ந்து இந்த மணியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த ஆளா இவர் என்று நினைத்ததும் எனக்கு அவர்மேல் பெரிய பாசம் வந்துவிட்டது. ஆகவே நிஜமாகவே உதவ நினைத்தேன்.

"மணி ரொம்ப நல்லாருக்கு. ஆனா அவசரமா அடிச்சு டிரம்முக்குள்ள போயிருது. டிரம்மை நிறுத்திட்டு, ஒண்ணொண்ணா, இடைவெளி விட்டு, மெதுவா அடிச்சா மனசுல நிக்கும். சத்தத்தையும் கூட்டுங்க. மத்தபடி எல்லாம் நல்லாருக்கு."

அவர் அப்படியே செய்தார். திரையில் கலர் கட்டங்களை இழுத்து இழுத்து வைத்தார், மணியின் குரலையும் கொஞ்சம் தடிப்பாக்கினார். கேட்டபோது எனக்கே புல்லரித்தது. ஏற்கெனவே ஆயிரம் தடவை கேட்டுக் காது மரத்துப்போயிருந்த அவருக்கு, அது மணி என்பதே மறந்துவிட்டது.

திருவிழா அன்று மத்தியானம் மைக் செட்காரர் தென்னைகளில் குழாய் ஸ்பீக்கர் கட்டி முடித்தார். என் கணவர் மணி வருகிற இடத்தை மட்டும் போட்டுப் பார்த்தார். ஒரு மணி. இடைவெளி. இன்னொரு மணி. நான் வாசலில் பெருமையோடு நின்றிருந்தேன். பக்கத்து வீட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியோடு எழுந்து சிலுவை போட்டாள்.

"ஆருக்கு?" என்றாள்.

அந்தக் கரையில் யாராவது இறந்தால் கோயில் மணியை அப்படித்தான், ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு அடிப்பார்கள். கொட்டாரத்தில் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வதுதான் வழக்கம், எனக்கு எப்படித் தெரியும்? நான் கால் வைத்த பிறகு அங்கே ஒரு சாவுகூட விழவில்லை. அதை என் ராசி என்று மாமியார் வேறு சொல்லிக்கொண்டிருந்தார்.

படுக்கையில் கிடந்தவர் ஊரில் ஒருவர்தான், என் கணவரின் பெரியப்பா. கூட்டம் நேராக அங்கே ஓடியது. அவருடைய மகள் அடுத்த தெருவிலிருந்தே தலைவிரி கோலமாக அழுதுகொண்டு வந்தாள். பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்து டீயில் ரஸ்க் நனைத்துக்கொண்டிருந்தார். வந்தவர்களைப் பார்த்து, "ஆருக்கு மக்கா மணி?" என்று கவலையோடு கேட்டார். மகள் அவசரமாகத் தலைமுடியை அள்ளி முடிந்தாள்.

மணி அடித்தது கோயிலில் இல்லை, ஸ்பீக்கரில் என்று தெரிந்ததும் விழாக் கமிட்டி டிராக் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. என் கணவர் மேடை ஓரத்தில் லேப்டாப்பை மூடி மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கமிட்டிக்காரர்களிடம் போய், மெதுவாக அடிக்கச் சொன்னது நான்தான், மணியை எடுத்துவிட்டால் போதாதா என்று சண்டை பிடித்தேன். புதுப்பெண் சண்டை பிடிப்பதைப் பார்த்து அவர்கள் திகைத்து நிற்கும்போதே பெரியப்பாவிடமிருந்து ஆள் வந்தது. "எனக்குத்தானே மணி அடிச்சு? எனக்கே சங்கடம் இல்ல, உங்களுக்கென்ன? நான் வாறேன், முழுசும் கேக்கணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மணி இல்லாமல் போடலாம் என்று முடிவாயிற்று. வேறு எதையும் இட்டு நிரப்ப நேரமில்லை. என் கணவர் மணியை மட்டும் ஊமையாக்கிவிட்டார்.

சாயங்காலம் டிராக் ஓடியது. ஜனங்கள் கடலை கொறித்தார்கள், பிள்ளைகளை அதட்டினார்கள். மணி வர வேண்டிய இடம் வந்தது. டிரம் நின்றது. மைதானம் முழுக்க நிசப்தம். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நாற்காலியோடு தூக்கி வந்து முன்வரிசையில் வைத்திருந்த பெரியப்பா, சளி கட்டிய குரலில், "டாங்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தேவிட்டார்களே என்று நான் முந்தானையைக் கடித்தேன். அடுத்த இடைவெளியில் சின்னப் பிள்ளைகள் சேர்ந்து "டாங்" என்றார்கள். அதற்கடுத்ததில் மொத்த மைதானமும். என் பக்கத்தில் மாமியார்தான் எல்லாரையும்விட உரக்கச் சொன்னார். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். போட்டார். நாடகக்காரர்கள் மீசை ஒட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

மேடையிலிருந்து இறங்கிய என் கணவரின் கையைப் பெரியப்பா பிடித்துக்கொண்டார்.

"எனக்க சாவு மணி அடிக்கச்சில இதையும் போடு மக்கா. அந்த இடைவெளியை மட்டும் குறைச்சிராத. ஊரு சொல்லட்டும்."

என் கணவர் தலையாட்டினார். எப்படி இருந்தது என்று அன்று அவர் யாரிடமும் கேட்கவில்லை.